வேலைக்குப் போன ஊரைப் பார்க்கப் போனோம்

2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஏடுகளின் மூலையில் ஒரு செய்தி வந்தது. பெங்களூரில் உள்ள விதான சௌதாவை - கருநாடகச் சட்டமன்றம் கூடும் அந்தக் கருங்கல் மாளிகையை - விடுமுறை நாட்களில் பொதுமக்கள் சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு உள்ளே சென்று சுற்றிப் பார்க்கலாம் என்று அந்த மாநில அரசு ஏற்பாடு செய்துவிட்டது என்பதே அது. "மாரண்டஹள்ளிக்காரனுக்கு இதிலே என்ன?" என்று கேட்பீர்கள், தோழர்களே! இருக்கிறது. சொல்கிறேன்.

செய்தியைப் படித்ததும் 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்முன் வந்து நின்றது. அன்று நாங்கள் ஐந்து பேர், இதே மாரண்டஹள்ளி நிலையத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரைப் 'பார்க்க'ப் போனோம். வேலைக்கு அல்ல, கூலி கேட்க அல்ல, ஆஸ்பத்திரிக்கும் அல்ல. பார்ப்பதற்கு மட்டும்!

அதற்குக் காரணமாயிருந்தவள் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி. 'நான் அறிந்த நகரம்' என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார் பள்ளி ஆசிரியர். சிறுமி தந்தையிடம் கேட்டாள். தந்தை கொத்தனார் மேஸ்திரி. பதினான்கு ஆண்டுகளாகப் பெங்களூரில் கட்டட வேலை. திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை இரவு திரும்புகிறவர். "பெங்களூரில் என்னப்பா இருக்கு?" என்று மகள் கேட்க, மேஸ்திரி எண்ணிப் பார்த்தாராம். பெல்லந்தூரில் தகரக் கொட்டகை இருந்தது. வைட்ஃபீல்டில் தண்ணீர் லாரி வரும் நேரம் தெரிந்தது. மாரத்தஹள்ளியில் - நம் ஊர்ப் பெயரோடு குழப்பிக்கொண்டு பாதிப்பேர் கடிதத்தைத் தவறவிடும் அந்த மாரத்தஹள்ளியேதான் - பதினாறாம் மாடிச் சாரத்தில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

"பதினாலு வருசம் இருந்திருக்கேன் தோழர், புள்ளைக்கு ஒரு பக்கம் எழுத விசயம் சொல்ல முடியல" என்று படிப்பகத்தில் வந்து அவர் சொன்னபோது, சிரித்தவர்கள் சிலர். சிரிக்காதவர் ஒருவர் - கல்லுடைக்கும் தோழர், அறுபதைத் தாண்டியவர் - "அப்போ ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்" என்றார். தக்காளி லாரியில் பாலக்கோட்டிலிருந்து பெங்களூர் மண்டிக்குச் சரக்கோடு போய்வரும் தம்பி ஒருவரும் சேர்ந்துகொண்டார். நான்காவது ஆள் நான். ஐந்தாவதாகச் சிறுமி, கையில் நோட்டுப் புத்தகம்.

நமக்குச் சென்னைதான் தலைநகர், ஐயமில்லை. ஆனால் மாரண்டஹள்ளியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சென்னையோ அதைப்போல் மூன்று மடங்கு. மாநாடென்றால் சென்னை, வயிறென்றால் பெங்களூர். இதுதான் நம் பக்கத்துப் பாட்டாளியின் கணக்கு. ஊர்ப்பெயரிலேயே 'ஹள்ளி' என்று கன்னடத்தை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நாம். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் - அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமை - வெள்ளைக்காரன் கைக்குப் போகும்வரை, நம்மை ஆண்டது திப்புவின் அரசு. பெங்களூரும் அதே ஆட்சியில்தான் இருந்தது. எல்லைக்கோடு பிறகு வந்தது. கூலிக்காரன் காலடித்தடம் அதற்கு முந்தியது.

ராயக்கோட்டை, கெலமங்கலம், ஓசூர் என்று ரயில் ஏறிக்கொண்டே போகிறது. பெட்டியில் பாதிப்பேர் வேலைக்காரர்கள். ஞாயிறாயிற்றே என்கிறீர்களா? கான்கிரீட் போடும் நாளுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. மேஸ்திரியைத் தெரிந்த இருவர், "கரணை எங்கே மேஸ்திரி?" என்று கேட்டார்கள். "இன்னிக்கு ஊர் பாக்கப் போறேன்" என்றார். அவர்கள் நம்பவில்லை. அவருக்கே அதைச் சொல்வதில் ஒரு வெட்கம் இருந்தது. எதையோ திருடப் போகிறவர் போலச் சொன்னார். அந்த வெட்கத்தை நான் மறக்கவில்லை.

பையப்பனஹள்ளியில் இறங்கி மெட்ரோ ரயில் ஏறினோம். 2011 அக்டோபரில் பெங்களூரின் முதல் மெட்ரோ வண்டி ஓடத் தொடங்கியது இந்தப் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையேதான். ஆறேமுக்கால் கிலோமீட்டர் போல. வண்டி தூண்மேல் ஓடுகிறது. மேஸ்திரி ஊரைப் பார்க்காமல் தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்த வளைவுக்கு அச்சு அடிக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல" என்று மகளுக்குச் சொன்னார். சிறுமி எழுதிக்கொண்டாள். கட்டுரை அப்போதே தொடங்கிவிட்டது!

அல்சூரில் இறங்கினோம். ஏரிக்கரையில் வள்ளுவர் இருக்கிறார். முதலில் அவரைப் பார்க்க வேண்டும் என்பது கல்லுடைக்கும் தோழரின் கட்டளை. 1991இல் நிறுவப்பட்ட சிலை. திறக்க முடியாதபடி எதிர்ப்புக் கிளம்ப, சாக்குத் துணி சுற்றிப் பதினெட்டு ஆண்டுகள் நின்றது. உலகப் பொதுமறை தந்தவன் என்று நாம் மேடைக்கு மேடை முழங்கிய அதே பதினெட்டு ஆண்டுகள், அவன் முகம் மூடிக் கிடந்தான்! 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள், அன்றைய தமிழக முதல்வர் கலைஞர் சென்று, கருநாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்கத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. கொடுக்கல் வாங்கல் என்று கேலி செய்தவர் உண்டு. நான் கேலி செய்யமாட்டேன். கடையில் கொடுக்கல் வாங்கல் நின்றால் ஊரே நின்றுவிடும்.

அந்த ஏரிக்கரையில் நின்று லாரித் தம்பி ஒரு செய்தி சொன்னார். 2016 செப்டம்பரில் காவிரித் தகராறு மூண்டு பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டபோது, வண்டியைப் போட்டுவிட்டு அவர் அத்திப்பள்ளிக்கு நடந்து, அங்கிருந்து எல்லை தாண்டி ஓசூர் வந்து சேர்ந்தாராம். தமிழ்நாட்டு எண் பலகையை மறைக்கத் தம் சொந்தச் சட்டையைக் கழற்றிக் கட்டியவர், அவருக்குப் பழக்கமான கன்னட மண்டிக்காரராம். "அந்தச் சட்டை என்னாச்சு?" என்றாள் சிறுமி. "எரியலே. வண்டியும் எரியலே" என்றார் தம்பி. கல்லுடைக்கும் தோழருக்கு 1991 டிசம்பர் நினைவு. அப்போது அவர் இளைஞர். உயிர் தப்பி ஊர் திரும்பியவர். அதைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார். அன்றும் பேசவில்லை. வள்ளுவரைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல கல் வேலைங்க, சரி வாங்க" என்று நடந்துவிட்டார்.

அங்கிருந்து மீண்டும் மெட்ரோ, கப்பன் பூங்கா. 1870இல் அமைந்த பூங்கா. மூங்கில் புதர்களும் பெருமரங்களும் பார்த்து மனம் குளிர்ந்தது என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஏனெனில் அதன் ஓரத்தில் உள்ள சிவப்புக் கட்டடத்தில்தான் எங்களுக்குப் பாதி நாள் போயிற்று. அரசு அருங்காட்சியகம். 1865இல் தொடங்கியது; அந்தச் சிவப்பு மாளிகைக்கு 1877இல் குடிவந்தது.

உள்ளே போனபோது மேஸ்திரிக்குக் கால் தயங்கிற்று. சொல்லித்தான் ஆகவேண்டும், தோழர்களே. சில ஆண்டுகளுக்கு முன் அவர் தரைக்கல் பதித்த ஓர் அங்காடி மாளிகை - பெயர் வேண்டாம் - திறந்த பிறகு, தாம் பதித்த தரை விளக்கொளியில் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போயிருக்கிறார். வாசலில் நின்ற காவல்காரர் வேட்டியையும் செருப்பையும் பார்த்துவிட்டு, "ஆள் எடுப்பது பின்பக்கம்" என்று கைகாட்டினாராம். அதிலிருந்து பெரிய வாசல் எதைக் கண்டாலும் அவர் பின்பக்கம் எங்கே என்று தேடுவார். இங்கே யாரும் கைகாட்டவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள், போனோம்.

அங்கே ஒரு கல். ஆதகூர் நடுகல் என்று பெயர். மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து எடுத்துவந்தது. கி.பி. 949ஐ ஒட்டியது, ஆயிரத்தெழுபது ஆண்டுக் கல்! மேலே செதுக்கியிருப்பது மன்னனையோ மறவனையோ அல்ல. ஒரு நாய், ஒரு காட்டுப்பன்றி, இரண்டும் மோதுகின்றன. நாயின் பெயர் காளி. கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்றொரு வீரன் சேவகம் செய்தான். போரில் அவன் காட்டிய வீரத்தை மெச்சி, "என்ன வேண்டும், கேள்" என்றான் மன்னன். ஊர் கேட்டானா? பொன் கேட்டானா? "உன் காளியைக் கொடு" என்றான். பின்னர் பெரும் பன்றியொன்றின்மேல் அந்த நாய் ஏவப்பட, இரண்டும் ஒன்றையொன்று கொன்று மாண்டன. நாய்க்குக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் ஒதுக்கினார்கள்.

அந்தப் போர் எது தெரியுமா? தக்கோலப் போர்! அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலம். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் இந்தப் பூதுகனும் ஒருபுறம். சோழன் பராந்தகனின் மகன் இராசாதித்தன் மறுபுறம். யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் மாண்டான். நாம் பள்ளியில் சோழர் தோல்வி என்று ஒரு வரியில் படித்துக் கடந்த செய்தி, கன்னட நாட்டில் ஒரு நாயின் நினைவுக்கல்லில் வெற்றிச் செய்தியாகக் கிடக்கிறது! ஒரே போர், இருபக்கக் கணக்கு. மன்னர்கள் இருவரும் போய்விட்டார்கள், நாய் நிற்கிறது.

சிறுமி ஆங்கிலக் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படித்துச் சொல்லச் சொல்ல, கல்லுடைக்கும் தோழர் கல்லுக்கு முன் உட்கார்ந்தேவிட்டார். உளி எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது என்று விரலால் காற்றில் காட்டினார். தொடவில்லை, தொடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. "இந்த மாதிரிக் கல்லு நம்ம பக்கம் காட்டுல கெடக்குதே, வேடியப்பன் கல்லுன்னு கும்புடறோமே" என்றார். உண்மைதான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கோவிவன் என்ற நாயோடு ஒரு வீரனுக்கு நட்ட கல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. அதாவது காளிக்கும் முந்நூறு ஆண்டு முந்தியவன் கோவிவன். நம் தருமபுரி நகரிலேயே நடுகற்களைக் கொண்டுவந்து நிறுத்திய அரசு அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. அதுவரை எங்கள் ஐவரில் ஒருவர்கூட அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. நான் உட்பட! கூட்டம் கூட்டமாகத் தகடூர் அதியமான் என்று பேசியிருக்கிறேன். தகடூர்க் கற்களைப் பார்த்ததில்லை. அடுத்த மாதமே போய்ப் பார்த்தேன் என்பதை என் தற்காப்புக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

பக்கத்திலேயே விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1965இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சிறுமி இழுத்துக்கொண்டு போனாள். ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி, பல்சக்கரங்கள், நீராவிப் பொறிகள், மின்சார விளையாட்டுகள். லாரித் தம்பி எஞ்சினை விட்டு நகர மறுத்தார். மின்சாரப் பகுதியில் நிற்கையில் நான் எங்கோ படித்ததைச் சொன்னேன்: காவிரி சிவசமுத்திரத்தில் விழுமிடத்தில் எடுத்த மின்சாரம் 1905இல்தான் பெங்களூர்த் தெருவிளக்கை ஏற்றியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1902இல், அது கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது! ஊருக்கு விளக்கு பிறகு. வெள்ளைக்காரனின் தங்கத்துக்கு விசை முதலில். அந்தத் தங்கத்தைத் தோண்டியவர் யார்? வடஆர்க்காட்டிலிருந்தும் சேலம் சீமையிலிருந்தும் போன நம்மவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், கொதிக்கும் பாறைக்குள் இறங்கினார்கள். 1930இல் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் ஆணையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 பிப்ரவரியோடு சுரங்கம் மூடப்பட்டது. "எங்க பாட்டனுக்கு அங்கதான் நெஞ்சு போச்சு" என்றார் கல்லுடைக்கும் தோழர். அந்த நாளில் அவர் தம்மைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு விதான சௌதா.

அன்று சாலைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தோம். அப்போது ஊர் பார்க்க வந்தவர்களுக்கு அவ்வளவுதான். போதும் என்றார் மேஸ்திரி. முகப்பைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடுமாம். நாற்பத்தைந்து படிகள். நாற்பது அடி உயரத்தில் பன்னிரண்டு கருங்கல் தூண்கள். நடுவே அறுபது அடி அகலக் கவிகை, அதன்மேல் நான்முகச் சிங்கம். 1951இல் நேரு அடிக்கல் நாட்ட, 1956இல் முடிந்தது. முதலமைச்சர் கெங்கல் அனுமந்தய்யாவின் கனவு என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குழுவொன்று, "இங்கே இருப்பதெல்லாம் ஐரோப்பியன் கட்டடமாக அல்லவா இருக்கிறது, உங்களுடையது எது?" என்று கேட்டுவிட, ரோசம் வந்து கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். எதிரிலேயே, 1868இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுந்த சிவப்பு நிற அட்டாரா கச்சேரி - இன்றைய உயர்நீதிமன்றம் - நிற்பதைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். திட்டம் போட்ட தலைமைக் கட்டடக் கலைஞர் பி.ஆர். மாணிக்கம்.

அனுமந்தய்யா பெயர் தெரிகிறது. மாணிக்கம் பெயர் தெரிகிறது. கட்டியவர் யார்? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர். அவர்களில் பெரும்பாலோர் சிறைக்கைதிகள்! அவர்களோடு ஆயிரத்தைந்நூறு கல்தச்சரும் கொத்தனாரும் மரச்சிற்பிகளும். சட்டம் இயற்றும் மாளிகையைச் சட்டத்தால் தண்டிக்கப்பட்டவன் கட்டினான். நெற்றியில் 'அரசின் பணி ஆண்டவன் பணி' என்று எழுதி வைத்தார்கள். கல் சுமந்தவனின் பணி யாருடைய பணி என்று எழுத இடம் போதவில்லை போலும்! சற்றுத் தள்ளியிருந்த மத்திய சிறைச்சாலை இப்போது பூங்காவாகிவிட்டது. 2008இல் 'சுதந்திரப் பூங்கா' என்று பெயர் சூட்டித் திறந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் தலைவர்கள் பலர் அடைபட்ட சிறை அது. இன்று ஆர்ப்பாட்டம் செய்ய இடம் கேட்டால் அங்கேதான் அனுப்புகிறார்கள்.

"கைதிங்க கட்டினதா?" என்று மேஸ்திரி இரண்டு முறை கேட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் இடையே உள்ள சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மயிரிழை கூட ஓடல பாருங்க தோழர். கூலிக்குச் செஞ்சவன் வேலை இல்ல இது. கத்துக்கிட்டவன் வேலை." சிறுமி, "அவங்களுக்குக் கூலி உண்டா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சிறு ஓட்டல். 'முத்தே' என்று பலகையில் எழுதியிருந்ததைக் கேட்டு வாங்கினால், நம் ராகிக்களி! ஊரில் ஏழைச் சோறு என்று விருந்தாளிக்கு வைக்கக் கூசுகிறோமே, அங்கே வரிசையில் நின்று வாங்குகிறார்கள், மாடிக் கட்டடத்துக் கணினிக்காரர்கள் உள்பட. இரண்டாம் உருண்டை கேட்டவர் லாரித் தம்பி மட்டுமல்ல.

பிற்பகல் லால்பாக். ஐதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு வளர்த்த தோட்டம். கண்ணாடி மாளிகை என்று ஒன்று. 1889இல் அடிக்கல் நாட்டி எழுப்பியது. லண்டன் பளிங்கு மாளிகையைப் பார்த்துச் செய்த இரும்பும் கண்ணாடியும். எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். ஆனால் எங்கள் மூத்த தோழரை ஈர்த்தது அதுவல்ல. தோட்டத்து நடுவே கிடக்கும் மொட்டைப் பாறை. கெம்பேகவுடர் பெயரால் ஒரு சிறு காவல் கோபுரம் அதன் உச்சியில் நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் சின்னம் என்று அறிவித்துப் பலகை நட்டிருக்கிறது. வயது ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுகள்! தீபகற்ப நைஸ் என்று அந்த வகைக் கல்லுக்குப் பெயர்.

தோழர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் நடந்தார். குனிந்து வரியைப் பார்த்தார். கறுப்பும் வெளுப்புமாக ஓடும் வரி. "இதே கல்லுதான்" என்றார். "நாப்பது வருசமா நான் ஒடைக்கறது இதே கல்லுதான். இந்த வரியோட போனா பொளக்கும், குறுக்க அடிச்சா உளி மொக்கையாகும்." நம் பக்கத்துப் பாறைகளும் அந்த நைஸ் இனத்தைச் சேர்ந்தவையே என்பது புத்தகத்தில் உள்ளது. அவர் புத்தகம் படித்தவரல்லர். அங்கே நின்றுகொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் சிலர் அவர் பேச்சைக் கேட்டுப் பக்கத்தில் வந்தார்கள். அவர்களில் தமிழ் தெரிந்த பையன் ஒருவன் மற்றவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னான். கால் மணி நேரம், தோழர்களே, கல்லுடைக்கும் தொழிலாளி ஆசிரியராக நின்று பாடம் நடத்தினார்! எங்கே துளை போடுவது, வெடிவைக்காமல் எப்படிப் பிளப்பது, நல்ல கல்லைத் தட்டினால் எப்படி மணியோசை கேட்கும் - எல்லாம். பையன்கள் "தேங்க்ஸ் அங்கிள்" என்று கைகுலுக்கினார்கள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் நீட்டினார்.

லால்பாக்கின் தோட்டவேலைக்கும் நமக்கும் உறவு உண்டு. திகளர் என்று பெங்களூரில் ஒரு மக்கள் இருக்கிறார்கள். தமிழகத்துப் பக்கமிருந்து போய்க் குடியேறிய தோட்டக்காரர்கள். பெங்களூரின் பெரிய திருவிழாவாகிய கரகம் அவர்களுடையது. சித்திரா பௌர்ணமியை ஒட்டி, தருமராயசாமி கோயிலிலிருந்து, பெண் கோலம் பூண்ட ஆண் ஒருவர் தலையில் பூங்கரகத்தைக் கையால் தொடாமல் தாங்கி, வாளேந்திய வீரகுமாரர் சூழ நள்ளிரவில் புறப்படுகிறார். திரௌபதிக்கு விழா. வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று வணங்கிவிட்டுத்தான் ஊர்வலம் மேலே போகும். நம் ஊர்களில் பாரதம் வைத்து, பதினெட்டாம் நாள் படுகளம் போட்டு, துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைக்கிறோமே, அதே பாரதம், அதே திரௌபதி! சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கோயிலைத் தேடிப் போய்ப் பார்த்தோம். கடவுள் நம்பிக்கை பற்றி எங்கள் ஐவருக்குள் மூன்று கருத்து இருந்தது. கூத்து பற்றி ஒரே கருத்துதான். மேஸ்திரி இளமையில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர் என்று அன்றுதான் தெரிந்தது. மகளுக்கே அன்றுதான் தெரிந்தது! கோயில் வாசலில் நின்று இரண்டு அடி தாளம் போட்டுக் காட்டிவிட்டு, ஆள் பார்க்கிறார்கள் என்று நிறுத்திக்கொண்டார்.

திப்புவின் மரமாளிகை அருகில்தான், 1791இல் முடிந்தது, அதே ஆண்டு காரன்வாலிசு கோட்டையைப் பிடித்தான். ஆனால் கதவடைக்கும் நேரமாகிவிட்டதால் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கிருஷ்ணராசேந்திர மார்க்கெட்டில் லாரித் தம்பிதான் தலைவர். எந்தக் கூடை எந்த ஊரிலிருந்து வந்தது என்று மூட்டை கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தே சொன்னார். "இது நம்ம பக்கத்துத் தக்காளி" என்று ஒரு பெட்டியைக் காட்டி விலை கேட்டார். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு எங்களுக்கு மூச்சு நின்றது. பாலக்கோட்டில் அதே வாரம் அந்தப் பெட்டி போன விலையை அவர் சொன்னார். நடுவிலிருக்கும் நூறு கிலோமீட்டரில் பணம் எங்கே இறங்கிக்கொள்கிறது என்பது வேறொரு நாள் எழுதவேண்டிய கட்டுரை.

இரவு திரும்பும்போது ரயிலில் சிறுமி மேஸ்திரியின் தோளில் தூங்கிவிட்டாள். ஓசூரைத் தாண்டியதும் மேஸ்திரி என்னிடம் மெல்லச் சொன்னார்: "நாளைக்கு மறுபடி இதே வண்டியில வரணும் தோழர். ஆனா நாளைக்கு சைட்டுல கேட்டா சொல்லலாம்." என்ன சொல்லலாம் என்று அவர் சொல்லவில்லை. கட்டுரைக்கு ஆசிரியர் நல்ல மதிப்பெண் போட்டதாகவும், 'நாய்க்குக் கல் நட்டது உண்மையா?' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். 2025இல் விதான சௌதாவைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள் என்று படித்ததும் மேஸ்திரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மகள் பெங்களூரிலேயே ஒரு கல்லூரியில் படிக்கிறாளாம். அவள் கைப்பேசியிலேயே மூன்று சீட்டு எடுத்துவிட்டாளாம். தந்தைக்கு, தனக்கு, மூன்றாவது அந்தக் கல்லுடைக்கும் தோழருக்கு.

"வேட்டிதான் கட்டிக்கிட்டுப் போறோம்" என்றார் மேஸ்திரி. "வெளிய சந்து ஓடாம வெச்சவன் உள்ள எப்படிச் செஞ்சிருக்கான்னு பாக்கணும். பாத்துட்டு வந்து சொல்றேன் தோழர்."